தோரின் பிள்ளைகள்: பழங்கதையில் ஒரு மகன், திரையில் ஒரு மகள்

வட ஐரோப்பியப் பழங்கதைகளின் மின்னல் தேவன் தோர், ருங்னிர் என்ற ராட்சதனைச் சுத்தியலை வீசிக் கொன்றுவிட்டான். ஆனால் சாய்ந்தவனின் கால் தோரின் கழுத்தின் மேல் விழுந்து அவனை அமுக்கிவிட்டது. கூட வந்த தியால்ஃபி தூக்கிப் பார்த்தான், அசையவில்லை. செய்தி கேட்டு ஓடிவந்த தேவர்கள் ஒருவர் விடாமல் முயன்றார்கள், அப்போதும் அசையவில்லை. அப்புறம் மக்னி வந்தான். தோருக்கும் யார்ன்சாக்சா என்ற ராட்சதிக்கும் பிறந்தவன். பிறந்து மூன்றே இரவு ஆகியிருந்தது. காலைத் தூக்கி ஓரமாகப் போட்டுவிட்டு, "இவ்வளவு தாமதமாக வந்துவிட்டேனே அப்பா! முன்பே வந்திருந்தால் வெறும் கையாலேயே இவனை அடித்துக் கொன்றிருப்பேன்" என்றான்.

ஐஸ்லாந்துக்காரரான ஸ்னோரி ஸ்டுர்லுசன் 1220-ஐ ஒட்டி எழுதிய 'உரைநடை எட்டா' என்ற பழங்கதை நூலில் வரும் கதை இது. 'தோர்: லவ் அண்ட் தண்டர்' (2022) என்ற மார்வெல் படம் பார்த்தவர்கள், தோருக்கு உண்மையிலேயே பிள்ளை உண்டா என்று கேட்டால் நான் முதலில் சொல்வது இதைத்தான். பழைய கதைகளில் தோருக்கு மக்னி, மோதி என்று இரண்டு மகன்கள், துரூத் என்று ஒரு மகள். மக்னி என்றால் வலிமை, மோதி என்றால் சீற்றம், துரூத் என்றாலும் வலிமைதான். தோரின் குணங்களையே பிரித்துப் பிள்ளைகளுக்குப் பெயராக வைத்தது போல இருக்கும். இவர்கள் போக, மனைவி சிஃபுக்கு முன்பே பிறந்த உல் என்ற வில்லாளியும் அந்த வீட்டில் உண்டு.

திரைப்படத்தில் இவர்களில் ஒருவர்கூட இல்லை. அங்கே வருவது லவ் என்ற சிறுமி, தோருக்குப் பிறந்தவள் அல்ல. தேவர்களைத் தேடித் தேடிக் கொல்லும் கோரின் மகள். பாலைவனத்தில் அப்பாவின் கையிலேயே இறந்துபோகிறவள். கடைசியில் கோர் தான் கேட்கக்கூடிய ஒரே வரத்தை அவளைத் திரும்பப் பெறுவதற்குச் செலவிட்டுவிட்டு, தோரிடம் ஒப்படைத்துச் சாகிறான். அவளாக நடித்தது தோராக நடிக்கும் கிறிஸ் ஹெம்ஸ்வொர்த்தின் சொந்த மகள் இந்தியா ரோஸ். அது தெரிந்த பிறகு அந்தக் கடைசிக் காட்சிகளை வேறு கண்ணோடுதான் பார்க்க முடிகிறது.

மக்னியையும் லவ்வையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் முதலில் கண்ணில் படுவது ஆயுதம்தான். பழங்கதைச் சுத்தியலுக்கு 'தகுதி உள்ளவரே தூக்க முடியும்' என்ற நிபந்தனை கிடையாது; அது மார்வெல் சேர்த்தது. திரிம் என்ற ராட்சதன் சுத்தியலைத் திருடி மண்ணுக்கடியில் ஆழத்தில் புதைத்தே வைத்திருந்தான். அதைப் பிடிக்கத் தோருக்கு இரும்புக் கையுறை வேண்டும், வலிமையை இரட்டிப்பாக்கும் இடைக்கச்சையும் அவனிடம் உண்டு. இதெல்லாம் பலம் பற்றிய பேச்சு, நல்ல மனசு பற்றியது அல்ல. அந்தச் சுத்தியல் மகன்களின் கைக்கு வருவதும் ரக்னரோக் என்ற இறுதிப் போருக்குப் பிறகுதான். உலகைச் சுற்றிக் கிடக்கும் பாம்பைக் கொன்று, அதன் விஷத்தால் ஒன்பது அடி நடந்து தோர் விழுந்து சாகிறான். நெருப்பு அடங்கிய பிறகு மிஞ்சும் உலகில் மோதியும் மக்னியும் மியோல்னிர் என்ற அந்தச் சுத்தியலை வைத்திருப்பார்கள் என்கிறது வஃப்த்ரூத்னிஸ்மால் என்ற பழம்பாட்டு. அப்பா போன பிறகு கிடைக்கும் சொத்து அது.

படத்தில் அப்பா உயிரோடு இருக்கும்போதே கொடுக்கிறார். ஸ்டார்ம்பிரேக்கர் கோடரி லவ்விடம், சுத்தியல் தோரிடம்; இருவரும் சேர்ந்தே சண்டைக்குப் போகிறார்கள். அதற்கு முன் ஒரு காட்சியில், கோர் கடத்திப்போன, தோரின் ஊரான ஆஸ்கார்டுக் குழந்தைகள் எல்லாருக்கும் தோர் தன் சக்தியைக் கொஞ்ச நேரம் பகிர்ந்து தருகிறான். கையில் கிடைத்ததை, பொம்மையைக்கூட, ஆயுதமாகப் பிடித்துக்கொண்டு அவர்கள் பாய்கிறார்கள். படத்தின் மற்ற கிண்டல்களில் பாதி எனக்கு ஒட்டவில்லை, ஆனால் இந்தக் காட்சி மனதில் நின்றுவிட்டது.

ஆயுதத்தைக் கைமாற்றும் விதத்தில் படமே எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் குடும்பம் என்று பார்த்தால் பழங்கதை எங்கேயோ போய்விடுகிறது. மக்னி காலைத் தூக்கியதும் தோர் மகிழ்ந்துபோய், ருங்னிரின் குதிரையான குல்ஃபாக்சியை, அதாவது பொற்பிடரியை, மகனுக்குப் பரிசாகக் கொடுக்கிறான். உடனே தோரின் அப்பா ஒடின் குறுக்கே வருகிறார். இவ்வளவு நல்ல குதிரையைப் பெற்ற தகப்பனுக்குக் கொடுக்காமல் ஒரு ராட்சதியின் பிள்ளைக்குக் கொடுக்கிறாயே என்கிறார். ஒடினின் தாய் பெஸ்ட்லாவே ராட்சதர் குலத்துப் பெண். தேவர்கள் மொத்தப் பேரும் சேர்ந்து அசைக்க முடியாததைத் தூக்கிய பேரனிடம், அவன் பிறப்பைச் சொல்லிக் காட்டுகிறார் தாத்தா. விளையும் பயிர் முளையிலேயே தெரிந்தும் அதை ஏற்க மனமில்லாத பெரியவர்! இரண்டு வரிதான், ஸ்னோரி விளக்கம்கூடச் சொல்லவில்லை. வீட்டுக்குள் நடக்கும் இந்த உரசல் எந்தத் தோர் படத்திலும் பேரன் பக்கம் வரவில்லை. மார்வெல் அதைத் தூக்கி லோகியின் மேல் வைத்தது. பழங்கதையில் ஒடினின் ரத்தச் சகோதரனான லோகி, படத்தில் ராட்சதர்களிடமிருந்து எடுத்து வளர்த்த பிள்ளை ஆனான். 'ராட்சதப் பிறப்பு' என்ற காயம் அவனுடையதானது. கெட்டிக்காரத்தனமான மாற்றம்தான், ஆனால் மக்னிக்கு இடமில்லாமல் போய்விட்டது.

சரி, துரூத்துக்கு வருவோம். இந்த ஒப்பீட்டை எழுத உட்கார்ந்ததே அவளுக்காகத்தான்.

அல்விஸ்மால் என்ற பாட்டில் தோரின் மகளைப் பெண் கேட்டு அல்விஸ் என்ற குள்ளன் வருகிறான். தோர் வீட்டில் இல்லாதபோது பேசி முடித்த சம்பந்தம். பெண்ணைக் கொடுப்பது அப்பாவின் உரிமை என்கிறான் தோர். உலகில் உள்ளதற்கெல்லாம் தேவர், மனிதர், ராட்சதர், குள்ளர் என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்று 13 கேள்வி கேட்டுப் பொழுது விடியும்வரை அவனைப் பேசவைக்கிறான். வெயில் பட்டால் கல்லாகிவிடும் குலம் அது; பொழுது விடிந்ததும் குள்ளன் முடிந்தான். தந்திரத்தில் தோர் ஜெயிக்கும் அபூர்வமான கதை. ஆனால் யாருக்காக இத்தனையும் நடக்கிறதோ அந்தப் பெண் ஒரு வார்த்தை பேசுவதில்லை. பாட்டில் அவள் பெயர்கூட இல்லை.

இன்னொரு தடயம் இதைவிட வலிக்கும். ஒன்பதாம் நூற்றாண்டுக் கவிஞர் பிராகி, கேடயத்தைக் குறிக்க ஒரு சுற்றுமொழி சொல்கிறார்: 'துரூத்தைத் திருடியவனின் பாதத்தடி இலை.' கேடயத்தைத் தரையில் போட்டு அதன் மேல் நின்று சண்டையிட்டவன் ருங்னிர். அப்படியானால் துரூத்தைத் திருடியவன் ருங்னிர்தான். ஸ்னோரி சொல்லும் கதையில் சண்டைக்குக் காரணம் ருங்னிர் குடிபோதையில் அடித்த வீம்புப் பேச்சு. பெண்ணைத் திருடியதாக அதில் இல்லை. அவள் கடத்தப்பட்ட கதை ஒன்று ஒரு காலத்தில் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் கேட்பவர்களுக்கு அந்தச் சுற்றுமொழி புரிந்திருக்காது. அது தொலைந்துவிட்டது. அக்காவோ தங்கையோ, அவளைத் தூக்கிப் போனவனின் காலைத்தான் மக்னி தூக்கி எறிந்திருக்கிறான் என்று சேர்த்துப் படிக்கும்போது, முதலில் சொன்ன கதைக்கே எடை கூடுகிறது.

இந்த இடத்தில்தான் படம் பழங்கதையை மிஞ்சுகிறது. மின்னல் தேவனின் வாரிசு என்று ஒரு சிறுமியை நடுவில் நிறுத்தி, அவள் கையில் ஆயுதம் கொடுத்து, படத்தின் பெயரிலேயே பாதியை அவளுக்குக் கொடுக்கிறது.

இதற்கு முன்பே ஒரு முயற்சி நடந்திருக்கிறது. 2008-இல் வந்த 'நெக்ஸ்ட் அவெஞ்சர்ஸ்' என்ற அனிமேஷன் படத்தில் தோரின் மகள் டோருன். அயர்ன் மேன் டோனி ஸ்டார்க் மறைவிடத்தில் வளர்க்கும் பிள்ளைகளில் ஒருத்தி, கையில் வாள். வானத்தைப் பார்த்து அப்பாவிடம் பேசுவாள், பதில் வராது. படமாகச் சுமார்தான், வில்லனும் வசனங்களும் நினைவில் நிற்காதவை. ஆனால் அந்தப் பதில் வராத பேச்சு லவ்வின் கதையில் எதிலும் இல்லாத ஆழம். பிறகு அப்பாவைச் சந்தித்தும், அவள் பூமியில் உள்ள நண்பர்களிடமே திரும்பிவருகிறாள். டோருன் என்ற பெயரும் நார்டிக் நாடுகளில் இன்றும் வைக்கும் பெயர்தான். தோர் என்பதோடு அன்பு செய்தல் என்ற சொல் சேர்ந்தது என்று பொருள் சொல்வார்கள். இந்த மகளின் பெயரில் இருப்பதும் அன்பு, அந்த மகளின் பெயரும் அன்பு.

வீட்டுப் பிள்ளைகளுக்கு எதை முதலில் காட்டுவது, சொல்வது என்று கேட்டால், மக்னி கதையை வாயால் சொல்லுங்கள். ஐந்து நிமிடம் போதும், குதிரைப் பேச்சை விட்டுவிடாதீர்கள். அப்புறம் லவ் வரும் படம். துரூத்தைப் பற்றிச் சொல்ல ஒரு கதையாகக் கையில் எதுவும் இல்லை. ஸ்வீடனின் ஓலாண்ட் தீவில் கார்லேவி என்ற இடத்தில், சுமார் ஆயிரமாவது ஆண்டில் ஒரு தலைவனின் நினைவாக நட்ட ரூன் கல், அதாவது அந்தக் கால எழுத்து வெட்டிய கல், இன்றும் நிற்கிறது. அதில் வெட்டிய பாட்டில் அந்த வீரனை, போர்களின் துரூத்துக்கு உரிய மரம் என்று சொல்லியிருக்கிறார்கள். அவள் பெயரை அங்கே விரலால் தடவிப் படிக்கலாம்.