60 மீட்டரில் மூழ்கிக் கிடக்கும் கப்பலுக்குள் நுழைய: ட்வின்செட்டா, சைடுமவுண்டா, ரீபிரீதரா?

60 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் 7 பார், அதாவது மேற்பரப்பைப் போல ஏழு மடங்கு. மேற்பரப்பில் நிமிடத்துக்கு 20 லிட்டர் சுவாசிப்பவருக்கு அங்கே 140 லிட்டர் செலவாகும். எந்த வாயு என்பதில் மூன்று தரப்புக்கும் சண்டையே இல்லை. வெறும் காற்று அந்த ஆழத்தில் லிட்டருக்கு சுமார் 9 கிராம் அடர்த்திக்கு ஏறிவிடும், 6.2 கிராமைத் தாண்டக்கூடாது. 18/45 டிரைமிக்ஸ் (18 சதவீதம் ஆக்சிஜன், 45 சதவீதம் ஹீலியம், மீதி நைட்ரஜன்) 5.6 கிராமில் நிற்கும், நைட்ரஜன் மயக்கத்தையும் மட்டுப்படுத்தும். சண்டை கருவியைப் பற்றித்தான். அதைத் தீர்க்க, ஒவ்வொன்றும் எப்படிப் பழுதாகும் என்று பார்க்க வேண்டும்.

ட்வின்செட்டில் முதுகில் ஒன்றோடொன்று இணைத்த இரண்டு 12 லிட்டர் சிலிண்டர்கள், 230 பாரில் 5,520 லிட்டர். உள்ளே போக மூன்றில் ஒரு பங்கு, வெளியே வர ஒரு பங்கு, அவசரத்துக்கு ஒரு பங்கு என்று பிரித்தால் ஒரு பங்கு 1,840; அதாவது 13 நிமிடம். இறங்கும்போது ஆகும் செலவையும், 21 மீட்டரில் 50 சதவீத ஆக்சிஜனுக்கு மாறும் வரை ஏறத் தேவையான இருப்பையும் கழித்தால் இன்னும் சுருங்கும். ஆனால் ஒரு ரெகுலேட்டர் (சுவாசிக்க வாயு தரும் கருவி) பழுதாகி வாயுவைக் கொட்டினாலும் அந்த வால்வை மூடிவிட்டு இரண்டு சிலிண்டர் வாயுவையும் மற்றதன் வழியே சுவாசிக்கலாம். கவனிக்க வேண்டியது இடது வால்வின் குமிழ். முன்னே நீந்தும்போது கூரையில் உரசினால் அது மூடும் திசையில் உருளும். வலது குமிழ் திறக்கும் திசையில் உருளும். அவசரத்தில் தோழருக்குக் கொடுக்கும் நீளக் குழாயை வலது வால்வில் மாட்டுவது அதனால்தான். ஒவ்வொரு உரசலுக்குப் பிறகும் கை பின்னால் போய்ச் சரிபார்க்க வேண்டும்.

சைடுமவுண்டில் சிலிண்டர்கள் உடலின் இருபக்கமும் தொங்குவதால் வால்வுகள் கண்ணெதிரே இருக்கும், அது பெரிய நிம்மதி. ஆனால் சிலிண்டர்கள் தனித்தனி. அடிக்கடி ரெகுலேட்டர் மாற்றி அழுத்த வித்தியாசத்தை 30 பாருக்குள் வைக்காவிட்டால், நிறைய இருப்புள்ள பக்கமே பழுதாகும் நாளில் மாட்டிக்கொள்வோம். மெல்ல ஏறும்போது சுவாசிக்கும் டிகம்பிரஷன் சிலிண்டர் இரண்டும் சேர்ந்தால் பக்கவாட்டில் நான்கு. அலையடிக்கும் படகின் ஏணியில் அது பெரும்பாடு. குறுகிய துளைக்குள் நுழையலாம் என்பதே இதன் பெருமை. குகையில் சரி. துருப்பிடித்த தகடும் தொங்கும் கேபிளும் உள்ள கப்பலில், அப்படிப்பட்ட துளை திரும்பிப் போவதற்கான காரணம்.

விட்ட மூச்சிலிருந்து கரியமில வாயுவை நீக்கி, ஆக்சிஜன் சேர்த்துத் திரும்பத் தரும் ரீபிரீதர் வாயுக் கணக்கையே மாற்றிவிடுகிறது. உடல் எரிப்பது எந்த ஆழத்திலும் நிமிடத்துக்கு 1 லிட்டர் ஆக்சிஜன் அளவுதான். ஏஜியன் கடலில் 1916-இல் மூழ்கிய பிரிட்டானிக் கப்பல் கிடக்கும் 120 மீட்டரில் திறந்த சுற்று (விட்ட மூச்சு நீரில் போய்விடும் மற்ற இரண்டு முறைகள்) நிமிடத்துக்கு 260 லிட்டர் கேட்கும். அங்கே ரீபிரீதர் தவிர வேறு எதையும் சிபாரிசு செய்ய மனம் வராது. குமிழிகள் இல்லாதது இன்னொரு லாபம். திறந்த சுற்றில் விடும் மூச்சு கூரையில் மோத, பழுப்புத் துருச் செதில்கள் உதிர்ந்து, கையிலிருக்கும் வழிகாட்டிக் கயிறே கண்ணுக்குத் தெரியாமல் போகும்.

இதற்குக் கொடுக்கும் விலை பெயில்அவுட்டில், அதாவது ரீபிரீதர் பழுதானால் சுவாசிக்க எடுத்துச் செல்லும் திறந்த சுற்றுச் சிலிண்டரில் இருக்கிறது. கரியமில வாயு ஏறினால் மூச்சு இரட்டிப்பாகும்: 40 லிட்டர், 60 மீட்டரில் 280. 200 பார் நிரப்பிய 11 லிட்டர் சிலிண்டர் 8 நிமிடம்கூடத் தாங்காது. ஆகவே உள்ளே எவ்வளவு தூரம் போகலாம் என்பதை அந்தச் சிலிண்டரை வைத்தே கணக்கிடுங்கள், ஸ்க்ரப்பர் (கரியமில வாயுவை உறிஞ்சும் பகுதி) மூன்று மணி நேரம் வரும் என்பதை வைத்து அல்ல. ஆக்சிஜன் அழுத்தத்தை அளக்கும் செல்களுக்கு 6 மீட்டர் சோதனை: லூப்பை (மூச்சு சுற்றிவரும் பாதை) ஆக்சிஜனால் நன்றாகக் கழுவினால் அளவு 1.6 பாரை நெருங்க வேண்டும். 1.3-இலேயே முட்டி நிற்கும் செல்லை உடனே மாற்றுங்கள். உண்மையான அளவு அதற்கு மேல் ஏறினாலும் அது காட்டாது.