ஐந்து வருடமாக ஒரே காடி: சின்ன மர ஸ்டாண்டுகள் செய்த அனுபவம்

எங்கள் பட்டறை பொள்ளாச்சியில் இருக்கிறது. அப்பா காலத்திலிருந்து கதவு, நிலை, ஜன்னல்தான் வேலை. 2019இல் காங்கேயத்தில் மரச்செக்கு எண்ணெய்க் கடை வைத்திருக்கும் ஒருவர், பாட்டில் அடுக்கிக் காட்ட சின்ன மர ஸ்டாண்ட் நாற்பது கேட்டார். கதவு வேலையில் மிஞ்சும் தேக்குத் துண்டுகள் மூலையில் குவிந்து கிடந்ததால் சரி என்றேன். அதைப் பார்த்து அடுத்த கடை, அப்புறம் ஒரு சோப்புக் கடை, ஒரு தேன் கடை என்று வந்து, இன்றைக்கு ஸ்டாண்ட் வேலையே பாதி வருமானம். எந்த இணைப்பு கைகொடுத்தது, எது காலை வாரியது என்பதை, இந்த வேலையில் இறங்க நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

ஸ்டாண்டின் அமைப்பு எளிது. 12 மில்லிமீட்டர் கனம், 60 மில்லிமீட்டர் அகலத்தில் நான்கு பட்டைகள். இரண்டு நீளவாக்கில், இரண்டு குறுக்கே. அதன்மேல் ஒரு பலகை.

முதல் நாற்பதும் ஸ்குரூ போட்டவை. பட்டையின் முனையில் ஸ்குரூ இறக்கினால் நார்களுக்கு நடுவேதான் இறங்குகிறது, பிடிப்பு குறைவு. ஓட்டை போடாமல் இறக்கினால் பிளந்துவிடும். முனையில் பசை தடவினாலும் மரம் அதை உறிஞ்சிக்கொள்ளும். ஒரே வருடத்தில் பத்துப் பன்னிரண்டு ஆடிக்கொண்டு திரும்பி வந்தன.

அடுத்து 8 மில்லிமீட்டர் முளை, அதாவது இரண்டு பட்டையிலும் ஓட்டை போட்டு உள்ளே செருகும் உருண்டை மரக் குச்சி. இணைப்பு அருமை. அந்த ஸ்டாண்டுகள் இன்றும் அசையாமல் நிற்கின்றன. ஆனால் ஒரு ஸ்டாண்டுக்கு நான்கு முளை, எட்டு ஓட்டை. நூறு ஸ்டாண்டுக்கு எண்ணூறு ஓட்டை! அதில் ஒன்று அரை மில்லிமீட்டர் தள்ளிப் போனாலும் ஸ்டாண்ட் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நிற்கும். பசை காயும்வரை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்பை எடுக்க முடியாது, கிளாம்ப் எத்தனை இருக்கிறதோ அத்தனைதான் ஒரு நேரத்தில் ஆகும். ஒன்றிரண்டு செய்பவர்களுக்கு முளையைத் தயங்காமல் சொல்வேன். நூற்றுக்கணக்கில் செய்ய அது ஆகாது.

கடைசியில் நின்றது குறுக்குக் காடி. காடி என்றால் மரத்தில் வெட்டும் பள்ளம். இரண்டு பட்டையிலும் பாதி அகலத்துக்கு, அதாவது 30 மில்லிமீட்டர் ஆழத்துக்குக் காடி வெட்டி, ஒன்றை மேலிருந்தும் ஒன்றைக் கீழிருந்தும் கோர்ப்பது. ஆணி, ஸ்குரூ, பசை எதுவும் வேண்டாம். இதிலும் ஸ்டாண்டுக்கு எட்டுக் காடி உண்டு. ஆனால் ஐந்து பட்டைகளைச் சேர்த்துக் கட்டி, நிறுத்தி வைத்து, ஒரே ஓட்டத்தில் ரம்பத்தில் விடலாம். பிரித்து அடுக்கினால் ஐம்பது ஸ்டாண்ட் ஒரு அட்டைப் பெட்டிக்குள் போய்விடுகிறது, லாரி ஆபீஸ் செலவும் குறைகிறது.

வெட்டும் முறையைச் சொல்லிவிடுகிறேன். டேபிள் ரம்பத்தின் மேல் நகரும் பலகை ஒன்று செய்து, அதில் முட்டுக் கட்டை ஒன்றை அடித்திருக்கிறேன். என் பிளேடு 3 மில்லிமீட்டர் வெட்டும். முட்டுக் கட்டைக்கும் பட்டைக்கும் நடுவே 9 மில்லிமீட்டர் துண்டு ஒன்றை வைத்து ஒரு வெட்டு, அதை எடுத்துவிட்டு ஒரு வெட்டு. ஒன்பதும் மூன்றும் பன்னிரண்டு. நடுவில் நிற்பதை இரண்டு மூன்று ஓட்டத்தில் எடுத்துவிடலாம். டேப் வைத்து அளக்கும் வேலையே கிடையாது. இறுக்கமாக இருந்தால் அந்தத் துண்டோடு ஒரு ஏ4 தாளைச் சேர்த்து வைத்து வெட்டுவேன். தாளின் கனம் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர், காடி அவ்வளவு அகலமாகும்.

அந்தத் தாளின் அருமை தெரிந்தது 2021இல். பங்குனியில் இருநூறு ஸ்டாண்டுக்குப் பட்டை வெட்டிக் காடியும் போட்டு, கோர்க்காமல் அடுக்கி வைத்திருந்தோம். ஆடியில் ஆர்டர் வந்தது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றும் சாரலும் பொள்ளாச்சியை நனைத்துக்கொண்டிருந்த நேரம். ஒன்றுகூடக் கோர்க்க வரவில்லை. சுத்தியலால் தட்டியதில் முப்பதுக்கு மேல் பிளந்தன. அன்றைக்கு எனக்கு அழுகையே வந்துவிட்டது.

காரணம் பிறகு புரிந்தது. ஈரத்தில் மரம் கனத்திலும் அகலத்திலும் ஊதும், நீளத்தில் அநேகமாக ஊதாது. காடியின் அகலம் பட்டையின் நீளவாக்கில் இருப்பதால் அது அப்படியே நிற்கிறது. அதற்குள் போக வேண்டிய பட்டையின் கனம் மட்டும் கூடுகிறது. 12 மில்லிமீட்டரில் ஒரு தாள் அளவு கூடினாலே போதும், கையால் அழுத்திக் கோர்த்தது சுத்தியல் கேட்கும். மழைக்காலத்தில் இறுக்கமாகச் செய்தால் நேர்மாறு: காங்கேயத்து வெயிலில் போய் லொடலொடவென்று ஆடும். இப்போது கோடையில் வெட்டினால் ஒரு தாள் தளர்வு வைக்கிறேன். சாரல் காலத்தில் கை அழுத்தத்துக்குச் சரியாக வெட்டி, கோர்ப்பில் ஒரு மூங்கில் முளை அடித்துவிடுகிறேன்.

தேக்கு இந்த ஊதல், சுருக்கம் குறைந்த மரம். எங்களுக்கு மேலே இருக்கும் டாப்சிலிப்புக்கு அந்தப் பெயர் வந்ததே, மலை உச்சியிலிருந்து தேக்குக் கட்டைகளை வழுக்கிவிட்டதால்தான். வால்பாறைப் பக்கம் தேயிலைக்கு நிழலாக வளர்க்கும் சில்வர் ஓக்கிலும் செய்கிறேன், விலை குறைவு, நன்றாகக் காய்ந்திருந்தால் குறையில்லை. பிளைவுட் வாங்குபவர்கள் கடைக்காரர் சொல்லும் 12ஐ நம்பாமல் வெர்னியர் வைத்துப் பார்த்துவிடுங்கள். பல நேரம் அரை மில்லிமீட்டர் குறைவாகவே இருக்கும்.

விலை எழுதும் அட்டையைச் செருகும் சின்னக் கட்டைகளும் நிறையச் செய்கிறோம். முதலில் ஒவ்வொரு துண்டாக வெட்டி, ஒவ்வொன்றிலும் காடி போட்டுக்கொண்டிருந்தேன். எங்களோடு இருபது வருடமாக இருக்கும் ஆசாரி ஒரு நாள் பார்த்துவிட்டு, "ஏனுங்க தம்பி, இப்படி ஒவ்வொண்ணா ஓட்டீட்டிருந்தா பொழுதுக்கும் இங்கயே நிக்கோணும். முழு நீளத்துக்குக் காடிய ஓட்டீட்டு அப்பறமா துண்டு போடுங்க" என்றார். மூன்றடிக் கட்டையில் ரம்பத்தைச் சாய்த்து ஒரே காடி, உப்புத்தாள் தேய்ப்பதும் முழுக் கட்டையாகவே. பிறகு பத்துப் பத்து சென்டிமீட்டராக நறுக்கினால் எட்டு கிடைக்கும். விரலும் பிளேடுக்கு அருகே போகாது. சின்னத் துண்டை டேபிள் ரம்பத்தில் கையால் பிடித்து ஓட்டாதீர்கள், கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். பிளேடுக்கும் வேலிக்கும் (மரத்தை ஒட்டி ஓட்டும் தடுப்புக் கட்டை) நடுவே மாட்டும் துண்டு கல்லடி போலத் திரும்பி வரும்.

ஐந்து வருடத்தில் காடி ஸ்டாண்டுகளில் உடைந்து வந்தவை எல்லாம் ஒரே இடத்தில் உடைந்தவை: காடிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முனை. கீழே விழுந்தால் காடியின் அடியிலிருந்து நார்வாக்கில் பிளந்து முனை கழன்றுவிடுகிறது. முதலில் 25 மில்லிமீட்டர்தான் விட்டிருந்தேன். போன வருடத்திலிருந்து 40 விடுகிறேன், அதற்குப் பிறகு இதுவரை இரண்டுதான் திரும்பி வந்திருக்கின்றன.