பல் டாக்டர் என்றாலே நடுங்குகிறவர்களுக்கு: தருமபுரியில் சிரிப்பு வாயு வைத்து வேர் சிகிச்சை (ரூட் கெனால்) செய்துகொண்ட அனுபவம்

காரிமங்கலத்தில் 18 வருடமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். நாள் முழுக்க ஊசியோடுதான் பிழைப்பு. ஆனால் பல் டாக்டர் கையில் ஊசியைப் பார்த்தால் கை கால் சில்லிட்டுப் போகும். வலது பக்கக் கீழ்க் கடவாய்ப் பல் சொத்தையாகி ஆறு வருடம் ஆகிவிட்டது. கிராம்புத் தைலம், உப்புத் தண்ணீர், மெடிக்கலில் வாங்கும் வலி மாத்திரை என்று ஓட்டிக்கொண்டிருந்தேன். இந்த ஆடி மாதத்தில் ஒரு ராத்திரி தலையணையில் கன்னம் வைக்க முடியாமல் விடிய விடிய உட்கார்ந்தே இருந்தேன். காலையில் என் நாத்தனார்தான் முகத்தைப் பார்த்துவிட்டு, "அண்ணி, பயத்துக்குன்னே இப்ப வைத்தியம் இருக்குதாம், தர்மபுரில ஒரு கிளினிக்ல வாயு வெக்கறாங்களாம், வாங்க போய்க் கேட்டுட்டாவது வரலாம்" என்று இழுத்துக்கொண்டு போனாள்.

என் பயம் வேண்டுமென்று வந்ததல்ல. பத்து வயதில் கன்னம் வீங்கி, ஓர் இடத்தில் பல் பிடுங்கினார்கள். மரத்துப்போக ஊசி போட்டார்கள், ஆனால் மரக்கவில்லை. "மரக்கலீங்க" என்று அழுதேன். கேட்கவில்லை. ஒருவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார், ஒருவர் நெற்றியை அழுத்திக்கொண்டார். அந்த உள்ளங்கையின் வியர்வை எனக்கு இன்றைக்கும் நெற்றியில் இருக்கிறது. அதற்குப் பிறகு 31 வருடம் நான் பல் நாற்காலியில் உட்காரவே இல்லை.

இன்னொரு காரணமும் உண்டு. நம் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். ஒரு லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பதுதான் அளவு, நாங்கள் குடித்ததோ அதைத் தாண்டிய தண்ணீர். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013-இல் வந்தது, என் பல் அதற்கு முன்பே பழுப்பாகிவிட்டது. வாயைத் திறந்தால் டாக்டர் என்ன நினைப்பாரோ என்கிற கூச்சம் பயத்தோடு சேர்ந்துகொள்ளும். இந்த டாக்டர் பார்த்துவிட்டுச் சொன்னது இதுதான்: "இந்தக் கறை சொத்தை இல்லீங்கக்கா. பல்லு முளைக்கறதுக்கு முன்னாடியே உள்ள இறங்கினது. நீங்க வெளக்காம வந்தது இல்ல." யாராவது இதைச் சொல்லமாட்டார்களா என்று எத்தனை வருடம் காத்திருந்தேன்.

முதல் நாள் நாற்காலியிலேயே உட்கார வைக்கவில்லை. மேஜைக்கு எதிரே சாதாரண நாற்காலி. முப்பது வயது இருக்கும் டாக்டருக்கு. எதற்குப் பயம், ஊசிக்கா, சத்தத்துக்கா, மூச்சு முட்டுவதற்கா என்று தனித்தனியாகக் கேட்டார். பத்து வயதுக் கதையைச் சொன்னேன். அவர் உடனே, "சீழ் கட்டின இடத்துல மரப்பு ஊசி சரியாப் பிடிக்காதுங்கக்கா. உங்களுக்கு அன்னைக்கு மரக்காதது நெஜமாத்தான் இருக்கும்" என்றார். என் நாத்தனார் பக்கத்தில் இருக்கும்போதே அழுதுவிட்டேன். 31 வருடமாக நான் பிடிவாதக்காரக் குழந்தை என்றுதான் வீட்டில் பேச்சு.

பிறகு வழிகளை விளக்கினார். எல்லோரும் குழப்பிக்கொள்ளும் இடம் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். வாயுவோ மாத்திரையோ எதுவானாலும் அது பயத்துக்குத்தான், வலிக்கு அல்ல. ஈறில் போடும் மரப்பு ஊசி எப்படியும் உண்டு. "மயக்கம் கொடுத்தா ஊசி வேண்டாம்ல" என்று நானும் நினைத்துத்தான் போயிருந்தேன். அப்படி இல்லை. மனது அடங்கியிருக்கும்போது அந்த ஊசி போடுவார்கள், அவ்வளவுதான்.

மாத்திரை ஒரு வழி. டயசெபாம் மாதிரி மருந்தைச் சிகிச்சைக்கு ஒரு மணி நேரம் முன்னால் விழுங்க வேண்டும். செலவு குறைவு. ஆனால் விழுங்கின பிறகு கூட்டவோ குறைக்கவோ முடியாது, ஒருவருக்குப் போதாது, இன்னொருவருக்குச் சாயங்காலம் வரைக்கும் தூக்கம் கலையாது. துணைக்கு ஆள் இல்லாமல் அனுப்பவே கூடாது. இதில் எனக்குத் தனி ஆதங்கம் இருக்கிறது. என் சொந்த அக்காவுக்கு, ஊர் பேர் வேண்டாம், ஓர் இடத்தில் இந்த மாத்திரையைக் கொடுத்துப் பல்லும் எடுத்து, தனியாகவே பஸ் ஏற விட்டுவிட்டார்கள். கிருஷ்ணகிரியிலிருந்து காரிமங்கலத்தில் இறங்க வேண்டியவள், தருமபுரி பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் தட்டி எழுப்பியபோதுதான் கண் விழித்தாள். வாயிலிருந்த பஞ்சு முழுக்க ரத்தம். எந்த ஊர் என்றே அவளுக்குத் தெரியவில்லை. ஏதாவது ஆகியிருந்தால் யாரைக் கேட்பது? இந்த மாத்திரையை மெடிக்கலில் தானாக வாங்கிப் போட்டுக்கொண்டு போகிறவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.

கையில் நரம்பு வழியாக மருந்து ஏற்றுவது அடுத்தது. கூப்பிட்டால் பதில் சொல்வோம், ஆனால் நடந்தது பெரும்பாலும் ஞாபகம் இருக்காதாம். மயக்க டாக்டர் கூடவே இருக்க வேண்டும், ஆறு மணி நேரம் வெறும் வயிறு. ஞானப்பல் அறுத்து எடுப்பது போன்ற பெரிய வேலைக்கும், வாயு கேட்காத அளவு பயம் உள்ளவர்களுக்கும் என்றார். முழு மயக்கம் ஆபரேஷன் தியேட்டர் உள்ள ஆஸ்பத்திரியில்தான். வாய் நிறையச் சொத்தை உள்ள சின்னப் பிள்ளைகளுக்கும், ஒத்துழைக்க முடியாத நிலையில் இருப்பவர்களுக்கும். எனக்கு அது தேவையில்லை என்று அவரே சொல்லிவிட்டார்.

நான் எடுத்துக்கொண்டது வாயு. நைட்ரஸ் ஆக்சைடு, பள்ளிக்கூடப் புத்தகத்தில் சிரிப்பு வாயு என்று படித்தோமே, அதேதான். இது புதுசு என்று பயப்பட வேண்டாம் என்பதற்காக டாக்டர் ஒரு சேதி சொன்னார். 1844-இல் அமெரிக்காவில் ஹோரஸ் வெல்ஸ் என்ற பல் டாக்டர், வேடிக்கைக் காட்சி ஒன்றில் இந்த வாயுவை முகர்ந்த ஒருவர் காலில் அடிபட்டும் வலி தெரியாமல் இருந்ததைப் பார்த்தாராம். மறுநாளே வாயுவை முகர்ந்து தன் பல்லையே பிடுங்க வைத்துக்கொண்டாராம். அடுத்தவருக்குச் செய்வதற்கு முன் தன் வாயில் செய்து பார்த்த மனுஷன் என்பது எனக்குப் பெரிய தைரியமாக இருந்தது.

எல்லோருக்கும் வாயு கொடுக்க மாட்டார்கள். சளி பிடித்து மூக்கு அடைத்திருக்கிறதா, கர்ப்பமா, நாட்பட்ட நுரையீரல் நோய் உண்டா, சமீபத்தில் கண்ணிலோ காதிலோ ஆபரேஷன் நடந்ததா, பி12 சத்துக் குறைவு இருக்கிறதா என்று ஒரு தாள் முழுக்கக் கேள்விகள். மறைக்காமல் எழுதுங்கள்.

அடுத்த செவ்வாய் காலை. மூக்கை மட்டும் மூடுகிற ரப்பர் மூடி, இரண்டு பக்கமும் குழாய், விரல் நுனியில் கொரோனா காலத்தில் பார்த்த அதே ஆக்சிமீட்டர். முதலில் வெறும் ஆக்சிஜன். என் நாடித் துடிப்பு 118 என்று காட்டியது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வாயுவைக் கூட்டினார்கள், 10 சதவீதம், 20, 30. ஆக்சிஜன் 30 சதவீதத்துக்குக் கீழே போக மெஷினே விடாதாம். 40-ஐ நெருங்கும்போது விரல் நுனி குறுகுறுத்தது, உதட்டைச் சுற்றி வெதுவெதுப்பு. கிணற்றுத் தண்ணீருக்குள் தலையை வைத்திருக்கும்போது மேலே பேசுகிறவர்கள் குரல் கேட்குமே, அப்படி டாக்டர் பேசுவது கேட்டது. தூக்கம் இல்லை. எல்லாம் தெரிகிறது. பயம் மட்டும் எழுந்து பக்கத்து அறைக்குப் போய்விட்ட மாதிரி இருந்தது. துடிப்பு 84-க்கு வந்துவிட்டது என்று நர்ஸ் பெண் சொன்னாள்.

ஊசிக்கு முன்னால் ஈறில் ஒரு ஜெல் தடவி இரண்டு நிமிடம் விட்டார்கள். ஊசி உள்ளே போனது தெரிந்தது, அழுத்தம் தெரிந்தது, குத்தல் இல்லை. மருந்தை அவ்வளவு மெதுவாக விட்டார். "இப்ப நெஞ்சு கொஞ்சம் படபடங்கும், மருந்துல அட்ரினலின் இருக்குது, ரெண்டு நிமிஷத்துல அடங்கிரும்" என்று முன்கூட்டியே சொன்னார். சொன்னபடியே படபடத்தது, அடங்கியது. சொல்லாமல் விட்டிருந்தால் மாரடைப்பு என்றே நினைத்திருப்பேன்.

ஓர் இடத்தில்தான் தடுமாறினேன். வேர் சிகிச்சைக்குப் பல்லைச் சுற்றி ரப்பர் ஷீட்டு மாட்டுவார்கள், மருந்து தொண்டைக்குள் போகாமல் இருக்க. அது வாயை மூடியதும் மூச்சு முட்டுகிற எண்ணம் வந்துவிட்டது. எதுவானாலும் இடது கையைத் தூக்குங்கள் என்று முதலிலேயே பேசி வைத்திருந்தோம். தூக்கினேன். பல்லைக் குடையும் மெஷின் அந்த நொடியே நின்றது. "ஏன்" என்றுகூடக் கேட்கவில்லை. ஷீட்டைக் கழற்றி, நாலு மூச்சு விடச் சொல்லி, மூக்கு வழியாகத்தான் காற்று வருகிறது என்று காட்டிவிட்டு, மறுபடி மாட்டட்டுமா என்று கேட்டார். தலையாட்டினேன். என்னைப் பொறுத்தவரை அன்றைக்கு நடந்த வைத்தியம் அந்த ஒரு நிமிடம்தான். கை தூக்கினால் நிறுத்துவார்கள் என்று தெரிந்த பிறகு, தையல் மெஷின் மோட்டார் மாதிரி கேட்ட அந்தச் சத்தம்கூட வெறும் சத்தமாகவே இருந்தது.

முடிந்ததும் ஐந்து நிமிடம் மறுபடி வெறும் ஆக்சிஜன். தலை தெளிந்துவிட்டது. அரை மணி நேரம் உட்கார வைத்து, நடக்கச் சொல்லிப் பார்த்து அனுப்பினார்கள்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். கிளினிக் மாடியில் இருக்கிறது, லிஃப்ட் கிடையாது. பயந்து வருகிறவர்களும் வயதானவர்களும் அந்தச் செங்குத்துப் படியை எப்படி ஏறி இறங்குவார்கள் என்று யோசிக்க வேண்டும். வயிறு முட்டச் சாப்பிடாமல் லேசாகச் சாப்பிட்டு வரச் சொல்லியிருக்க வேண்டும். போனில் நேரம் கொடுத்த பெண் அதைச் சொல்லவே இல்லை. நான் மூன்று இட்லியோடு நிறுத்தியதால் தப்பித்தேன், இல்லாவிட்டால் குமட்டியிருக்கும். வாயுவுக்குத் தனிக் கட்டணம் ஒரு தடவைக்கு 1,500 ரூபாய் என்பது பில் போடும்போதுதான் தெரிந்தது. முதல் நாள் இவ்வளவு பேசினவர்கள் இதையும் சொல்லியிருக்கலாம். நான் ஒரு ரவிக்கைக்குக் கூலி முன்னாலேயே சொல்லித்தான் துணியை வாங்குகிறேன். வாயு வைப்பது செவ்வாயும் சனியும் மட்டும்தான் என்பதால் சனிக்கிழமை கூட்டம் அதிகம். வேர் சிகிச்சைக்கு 5,000, கேப்புக்கு 4,500 வாங்கினார்கள்.

ஆனாலும் நான் நிறைந்த மனதோடு சிபாரிசு செய்கிறேன். இரண்டாவது தடவை வாயு 25 சதவீதத்திலேயே எனக்குப் போதுமாக இருந்தது. மூன்றாவது தடவை டாக்டரே, "வாயு வேணுமா, வேண்டாமா, நீங்களே சொல்லுங்க" என்றார். வேண்டாம் என்றேன். ஜெல், ஊசி, இடது கை, இவ்வளவுதான். கையைத் தூக்க வேண்டிய அவசியமே வரவில்லை. போன வாரம் வலது பக்கத்தில் வைத்து நிலக்கடலை மென்றேன். ஆறு வருடத்துக்குப் பிறகு.

நேரம் வாங்கும்போதே போனில் "எனக்குப் பயம், முதல் நாள் பேச மட்டும் வர்றேன்" என்று சொல்லிவிடுங்கள். கட்டணத்தையும் சாப்பாட்டு விஷயத்தையும் அப்போதே நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். என் அம்மாவுக்கு 68 வயது, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார், மேல் பல் இரண்டு ஆடிக்கொண்டிருக்கின்றன. பழைய சீட்டுகளையும் மாத்திரை அட்டையையும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். வரும் செவ்வாய்க்கிழமை அம்மா வரச் சம்மதித்திருக்கிறார். பேசுவதற்கு மட்டும்தான் என்று சொல்லியிருக்கிறேன், டாக்டரிடமும் அப்படியே சொல்லித்தான் நேரம் வாங்கியிருக்கிறேன்.