மசினகுடில ஜீப் சஃபாரின்னு கூப்பிட்டா போயிடாதீங்க

லீவுக்கு முதுமலை போறவங்க தயவுசெஞ்சு இத ஒரு தடவ படிச்சிருங்க, எங்களுக்கு 7000 ரூபா போச்சு, அத விட பெருசா ஒண்ணு நடக்கப் பாத்துச்சு.

போன மாசம் நான், வீட்டுக்காரர், ரெண்டு பசங்க, அத்தை எல்லாரும் திருப்பூர்ல இருந்து கார்ல கெளம்பி இ-பாஸ் எல்லாம் எடுத்து ஊட்டி போயி, மசினகுடிக்கு நேரா போற கல்லட்டி ரோட்டுல வெளியூர் வண்டிய கீழ எறங்க விட மாட்டாங்கங்கறதால கூடலூர் சுத்தி தெப்பக்காடு வழியா மசினகுடி வந்தோம். ரூம் போட்ட எடத்துல இருந்த ஆளு, "தெப்பக்காட்டுல வனத்துறை சஃபாரி டிக்கெட் முடிஞ்சிருச்சுங்கக்கா, நம்ம பையன் ஜீப் வெச்சிருக்கான், அவங்க காட்டாத எடமெல்லாம் காட்டுவான்"னு சொன்னாரு. 4000 ரூபா. வர்ற வழியிலயே தெப்பக்காட்டுல எறங்கி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், பசங்க பசிக்குதுன்னாங்கன்னு நிக்காம வந்துட்டோம்.

ஜீப்ல ஏறி ஒரு மணி நேரம் சுத்துனோம். நாலு புள்ளிமான், ஒரு மயில். காட்டுக்குள்ள போயிட்டோம்னு நெனச்சிட்டு இருந்தா எதிர்ல கவர்மென்ட் பஸ் வருது! அப்பதான் புரிஞ்சுது, அது வாழைத்தோட்டம் போற பொது ரோடு, நம்ம கார்லயே சும்மா போயிருக்கலாம். கேட்டதுக்கு அந்தப் பையன், "பகல்ல அப்படித்தாங்கக்கா, ராத்திரி வாங்க, யானை கட்டாயம் காட்டறேன், 3000 குடுங்க போதும்"னான். பசங்க ஆசப்பட்டாங்க, அத்தைய ரூம்ல விட்டுட்டு நாங்க நாலு பேரும் போனோம்.

ராத்திரி பத்து மணி இருக்கும். மண் ரோட்டுல திருப்பி ஹெட்லைட்ட அணைச்சிட்டு உள்ள போனான், கொஞ்ச தூரத்துல பெரிய டார்ச்ச எடுத்து அடிச்சான் பாருங்க, நேரா ஒரு யானை, காலுக்கு நடுவுல குட்டி. வெளிச்சத்துல அதுக்குக் கண்ணு தெரியல, தும்பிக்கைய தூக்கி பிளிறிட்டு ரெண்டு அடி முன்னால வந்துச்சு. வண்டி ஒடனே ஸ்டார்ட் ஆகல. சின்னவன் என் மடியில மொகத்த பொதச்சுகிட்டு அழுதான், அந்தக் குட்டியும் அம்மா காலுக்குள்ள ஒட்டிகிட்டு நின்னுது. எப்படியோ ரிவர்ஸ் எடுத்து வந்துட்டோம். "யாராச்சும் நிறுத்துனா ரூமுக்குப் போறோம்னு சொல்லிருங்க"ன்னு வேற சொல்றான்.

காலைல தெப்பக்காடு போயி கவுன்டர்ல கேட்டா, "நேத்து சாயங்காலம் கூட சீட்டு காலியாத்தான் போச்சேம்மா"ன்னாங்க. முதுமலைல சஃபாரி நடத்தறது வனத்துறை மட்டும்தான், அவங்க வண்டி, அவங்க ரசீது, காலைலயும் சாயங்காலமும் மட்டும். நைட் சஃபாரின்னு ஒண்ணு கெடையவே கெடையாது, மாட்டுனா கூட்டிட்டுப் போனவனோட சேத்து நம்ம மேலயும்தான் கேஸ். தெப்பக்காடு தாண்டி பந்திப்பூர் போற ரோட்டயே ராத்திரி 9 மணிலேர்ந்து காலைல 6 வரைக்கும் மூடி வெக்கிறாங்க, மிருகங்க நிம்மதியா ரோட்ட கடக்கட்டும்னு. மசினகுடி பக்கம் முழுக்க யானை வழித்தடம், சுப்ரீம் கோர்ட்டே 2020ல அத உறுதி பண்ணிருச்சு. 2021 ஜனவரில இதே மசினகுடில எரியற பொருள யானை மேல வீசி அது செத்துப்போச்சே, ஞாபகம் இருக்கா? அந்த ஊர் யானை கண்ணுல டார்ச் அடிக்க நாங்க காசு குடுத்திருக்கோம்னு நெனச்சா இன்னும் மனசு ஆறல.

அன்னைக்கே வனத்துறை வண்டில போனோம், கூட்டமா காட்டெருமை பாத்தோம், சாயங்காலம் தெப்பக்காடு யானை முகாம்ல யானைங்களுக்கு கேழ்வரகு, கொள்ளு உருண்ட ஊட்டுறத அத்தை அவ்ளோ நேரம் நின்னு பாத்தாங்க. வண்டி நம்பரோட ரேஞ்சர் ஆபீஸ்ல எழுதிக் குடுத்துட்டு வந்திருக்கோம். ரூம்காரர் இப்ப போன் எடுக்கறதில்ல.