கெண்டைக்கால் வலியோடு ஊர் திரும்பும் ஓட்டக்காரர்: எந்த வழி மேல்?

வெளிநாட்டில் இருக்கும் அக்காவையோ பிள்ளைகளையோ பார்க்கப் போன இடத்தில், காலை ஓட்டத்தின்போது கெண்டைக்கால் சுளீரென்று பிடித்துக்கொள்வது பல ஓட்டக்காரர்களுக்கு நடப்பதுதான். பழகாத பாதை, கலைந்த தூக்கம், விடுமுறைதானே என்று கூட்டி ஓடிய தூரம், எல்லாம் சேர்ந்து காலில் வந்து நிற்கும். திரும்பும் நாள் நெருங்கும்போது பெரும்பாலானோர் கவலைப்படுவது விட்டுப்போகும் ஓட்டங்களைப் பற்றி. என்னைக் கேட்டால் கவலை இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது. ஓடாமல் போவதால் கெடுவது கொஞ்சம்தான். கிளம்பும் நாளிலும் அதையொட்டிய நாட்களிலும் எடுக்கும் சின்னச் சின்ன முடிவுகளால் கெடுவதே அதிகம்.

நடக்க முடிகிறது, ஓடத்தான் முடியவில்லை என்ற அளவிலான லேசான தசைக்கிழிவை மனத்தில் வைத்துத்தான் இந்த அலசல். அடிபட்டபோது ‘டப்’ என்று சத்தம் கேட்டது, காலை ஊன்றவே முடியவில்லை என்றால் ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் இல்லை. விமானம் ஏறுவதற்கு முன்பே மருத்துவரிடம் போய்விட வேண்டும்.

கடைசி ஓட்டமா, நடையா?

“மெதுவாத்தானே ஓடப் போறோம், வாங்கண்ணா” என்று தம்பி கூப்பிடுவான். அடுத்து எப்போது பார்ப்போமோ என்ற நினைப்பில் மறுக்க மனம் வராது. ஆனால் கணக்கைப் பாருங்கள். நன்கு பயிற்சி பெற்றவர்கள் பயிற்சியை முழுதாக நிறுத்தினால் என்ன ஆகும் என்று உடற்பயிற்சி உடலியல் ஆய்வாளர் எட்வர்ட் கோய்ல் குழுவினர் 1984இல் வெளியிட்ட ஆய்வில், உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்சத் திறன் மூன்று வாரத்தில் சுமார் 7 சதவீதம் குறைந்தது. அந்த ஆரம்ப இறக்கத்தில் பெரும்பங்கு இரத்தத்தின் நீர்ப்பகுதி குறைவதால் வருவது. மறுபடி ஓடத் தொடங்கினால் சீக்கிரமே ஏறிவிடும். மறுபக்கம், இரண்டு மூன்று வாரத்தில் ஆறக்கூடிய கிழிவை ஒரு பாச ஓட்டத்தில் பெரிதாக்கிக்கொண்டால் அது மாதக்கணக்கில் இழுக்கும். நடைதான் வெல்கிறது, அதுவும் பெரிய வித்தியாசத்தில். நடந்தால் அம்மாவும் கூட வரலாம். தம்பி ஓடியே தீருவான் என்றால், சமதளத்தில் சைக்கிளில் அவனோடு போகலாம். பெடலை முன்பாதத்தால் மிதிக்காமல் நடுப்பாதத்தால் மிதித்தால் கெண்டைக்காலுக்கு வேலை குறையும்.

சக்கர நாற்காலியா, சொந்தக் காலா?

மாரத்தான் ஓடுகிறவருக்குச் சக்கர நாற்காலி கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். பெரிய விமான நிலையங்களில் பாதுகாப்புச் சோதனையிலிருந்து கேட் வரை ஒரு கிலோமீட்டருக்கு மேலும் நடக்க வேண்டியிருக்கலாம். இடையில் விமானம் மாறினால் அவசர நடை வேறு. நொண்டாமல் நடக்க முடிந்தால் நடங்கள். நொண்டுகிறீர்கள் என்றால் கேட்டுவிடுங்கள், ஏனென்றால் நொண்டல் அடுத்த காலையும் இடுப்பையும் சேர்த்து இழுத்துவிடும். பல விமான நிறுவனங்கள் 48 மணி நேரம் முன்னதாகச் சொல்லச் சொல்கின்றன.

இதைவிடப் பெரிய எதிரி பெட்டி. வீட்டார் கடைசி நிமிடம் வரை எதையாவது திணித்துக்கொண்டே இருப்பார்கள். கனமான தள்ளுவண்டியைத் தள்ளும்போதும், பெட்டியோடு படி ஏறும்போதும் உந்துவது கெண்டைக்கால்தான். அதனால் கனமானதையெல்லாம் செக்-இன் பெட்டிக்கு அனுப்பிவிட்டு, கையில் ஒரு முதுகுப்பையோடு நிறுத்திக்கொள்வதே சரி.

ஜன்னலா, நடைவழியா?

இங்கேதான் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் காலின் இரத்தக் குழாய்களில் இரத்தம் உறையும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்காகும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வுத் திட்டம் 2007இல் சொன்னது. மொத்தத்தில் பார்த்தால் ஆபத்து சிறியது, அவர்கள் கணக்கில் சுமார் 6,000 பேருக்கு ஒருவர். ஆனால் காலில் காயம் இருப்பதே அந்த வாய்ப்பைக் கூட்டும் ஒரு காரணம். ஜன்னலோரம் உட்கார்ந்தவர் பக்கத்தில் தூங்குகிறவரை எழுப்பத் தயங்கி அப்படியே இருந்துவிடுவார்.

ஆகவே நடைவழி இருக்கைதான். அதிலும் காயம்பட்ட கால் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் நடைவழி வரும்படி எடுத்தால், அவ்வப்போது காலை நீட்டலாம். உணவு வண்டி வரும்போது மட்டும் மறக்காமல் உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டும்! அவசர வழி வரிசையில் இடம் தாராளம் என்று ஆசைப்படாதீர்கள். தேவைப்பட்டால் கதவைத் திறந்து உதவக்கூடியவர்களுக்குத்தான் அந்த இருக்கை. தடுப்புச் சுவரை ஒட்டிய முதல் வரிசையும் அவ்வளவு சிறந்ததல்ல. முட்டிக்கு முன்னால் இடம் இருக்கும், பாதத்தை நீட்ட முன் இருக்கையின் அடிப்பகுதி இருக்காது.

காலுறை விஷயத்தில் ஓட்டக்காரர்கள் வழக்கமாகக் குழம்புவார்கள். ஓடும்போது போடும், பாதம் இல்லாத கெண்டைக்கால் உறை ஏற்கெனவே பையில் இருக்கும். அதையே மாட்டிக்கொண்டு ஏறிவிடுவார்கள். பல மணி நேரம் உட்காரும்போது அது கணுக்காலுக்குக் கீழே வீக்கத்தைத் தேக்கலாம். பாதத்திலிருந்து முழங்காலுக்குக் கீழ் வரை வரும் முழு அழுத்தக் காலுறையே பயணத்துக்கு ஏற்றது. மேல் விளிம்பை மடித்துவிடக் கூடாது, மடித்தால் அங்கே கயிறு கட்டியதுபோல் இறுக்கும். முன்பு இரத்த உறைவு வந்தவர்கள், சமீபத்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், கர்ப்பிணிகள், கருத்தடை மாத்திரை எடுப்பவர்கள் காலுறையோடு நிறுத்தாமல் மருத்துவரிடம் கேட்டுவிட்டே கிளம்ப வேண்டும்.

தூக்க மாத்திரை வேண்டாம். எட்டு மணி நேரம் கட்டைபோல் கிடப்பதைத்தானே தவிர்க்கப் பார்க்கிறோம். வலிக்கு ஐபுப்ரூஃபனா பாரசிட்டமாலா என்றால், வயிற்றையும் சிறுநீரகத்தையும் நினைத்து நான் இரண்டாவதன் பக்கம். பெட்டி தூக்குவதற்காக வலியை மறைப்பது மட்டும் கூடாது.

திரும்பிய பிறகு: ஓய்வா, நீச்சல் குளமா, ஓட்டமா?

உண்மையான சோதனை இந்த வாரத்தில்தான். நேர மாற்றத்தால் விடிகாலை மூன்று மணிக்கே விழிப்பு வரும். நேற்று வரை பேச்சும் சிரிப்புமாக இருந்தவருக்கு வீடு வெறிச்சென்றிருக்கும். பிரிவு வருத்தத்தை ஓடித்தான் தீர்த்துப் பழகியவர்கள் நாம், ஷூவைத் தேடிக் கை போகும். அந்த ஓட்டத்தில் வேகத்தைக் கட்டுப்படுத்துவது கஷ்டம். அந்நேரத்தில் வீட்டாரோடு வீடியோ அழைப்பு போடுவது எவ்வளவோ மேல்.

முழு ஓய்வு பாதுகாப்பானதுதான், ஆனால் நீண்டால் தசை பலவீனமாகும். முதல் இரண்டு மூன்று நாள் நடை மட்டும் போதும். தூக்கம் சீராக நேர மண்டலம் ஒன்றுக்கு ஒரு நாள் என்பது தோராயக் கணக்கு, கிழக்கு நோக்கி வந்திருந்தால் கூடுதலாகவே இழுக்கும். அப்புறம் நீச்சல் குளம். மிதவைப் பட்டையைக் கட்டிக்கொண்டு ஆழமான தண்ணீரில் தரை தொடாமல் ஓடும் பயிற்சி, நான்கு முதல் ஆறு வாரம் வரை ஓட்டத் திறனைத் தக்கவைக்கும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சலிப்பான வேலை, ஒப்புக்கொள்கிறேன். குளம் இல்லையென்றால் சைக்கிள் இரண்டாம் இடம்.

தரை ஓட்டத்துக்கு நாட்களை எண்ண வேண்டாம், காலைக் கேளுங்கள். அரை மணி நேர வேகநடை வலியில்லாமல் போக வேண்டும். ஒற்றைக் காலில் நின்று குதிகாலை இருபது முறை உயர்த்த வேண்டும், நல்ல காலைப் போலவே. ஒற்றைக் காலில் குதித்தாலும் வலிக்கக் கூடாது. இவை மூன்றும் முடிந்தால் ஒரு நிமிடம் ஓடி ஒரு நிமிடம் நடந்து தொடங்கலாம். ஏதாவது ஒன்று தவறினால் இன்னும் சில நாள் குளம்தான். இதற்கிடையில் கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கி, சூடாகி, சும்மா இருக்கும்போதும் வலி கூடினால், பழைய கிழிவுதான் என்று நீங்களே முடிவு கட்டாமல் அன்றே மருத்துவரிடம் போங்கள். மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ சேர்ந்தால் நேரே அவசரப் பிரிவுக்கு.