அப்பாவின் ஆம்ப்ளிஃபயருக்கு ஒரு வைஃபை பெட்டி

1986இல் மஸ்கட்டிலிருந்து அப்பா கொண்டுவந்த டெக்னிக்ஸ் ஆம்ப்ளிஃபயர் இன்னும் எங்கள் நங்கநல்லூர் வீட்டுக் கூடத்தில்தான் இருக்கிறது. கேசட் டெக் எப்போதோ போய்விட்டது. சிடி பிளேயரின் தட்டு திறக்காமல் நாலு வருஷம் ஆகிறது. ஆனால் ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கர்களும் கல்லுக்குண்டு மாதிரி இருக்கின்றன. ஸ்பீக்கர் கோனைச் சுற்றியுள்ள ஃபோம் மட்டும் சென்னைப் புழுக்கத்தில் ஒருமுறை பொடிப்பொடியாக உதிர்ந்தது, மாற்றிக்கொண்டோம். "பேசாம ஒரு சவுண்ட்பார் வாங்கிடேன்" என்று வருகிறவர்கள் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு மனசு வரவில்லை. நல்ல ஸ்டீரியோவைத் தூக்கிப் போட வேண்டியதே இல்லை, பாட்டு உள்ளே வருவதற்கு ஒரு வழி செய்து கொடுத்தால் போதும்.

முதலில் மலிவான ஒரு ப்ளூடூத் ரிசீவரை மாட்டிப் பார்த்தேன். சினிமாப் பாட்டுக்குப் பரவாயில்லை. அப்பாவுக்காகக் கர்நாடக சங்கீத வித்வான் எம்.டி.ராமநாதனைப் போட்டபோதுதான் வினை தெரிந்தது. அவர் நிதானமாக மந்தர ஸ்தாயியில் இறங்கி ஒரு ஸ்வரத்தில் நிற்பார். அந்த இடத்தில் தம்பூரா மட்டும் கேட்க வேண்டும். எங்களுக்கோ தம்பூராவோடு கொசு மாதிரி ஒரு ரீங்காரமும் கேட்டது. ரிசீவருக்கு மின்சாரம் கொடுத்த மொபைல் சார்ஜரின் இரைச்சல், ஆடியோ வயரின் எர்த் வழியாக ஆம்ப்ளிஃபயருக்குள் ஏறிக்கொண்டிருந்தது. போதாததற்கு, நடுவில் எனக்கு போன் வந்தால் பாட்டு நின்றுவிடும். மாடிக்குத் துணி எடுக்கப் போனால் திக்கித் திணறும். அப்பா ஒன்றும் சொல்லாமல் எழுந்து உள்ளே போய்விடுவார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அப்புறம் தேடிப் பிடித்து வாங்கியதுதான் லிங்க்ப்ளே நிறுவனத்தின் வீம் மினி. உள்ளங்கையில் அடங்கிவிடும் பெட்டி, வெளிவந்தபோது அமெரிக்காவில் 100 டாலருக்குள் விற்றது. இது ப்ளூடூத்தை நம்பி இருப்பதில்லை. வீட்டு வைஃபையில் சேர்ந்துகொண்டு பாட்டை இணையத்திலிருந்து தானே இழுத்துக்கொள்கிறது. ஸ்பாட்டிஃபை பாட்டு ஆப்பின் கனெக்ட் வசதியில் போன் வெறும் ரிமோட்தான். பாட்டைத் தொடங்கிவிட்டு போனோடு கடைக்கே போனாலும் கூடத்தில் கச்சேரி தொடரும். ஐபோன்காரர்களுக்கு, போனிலிருந்து வைஃபையில் பாட்டை அனுப்பும் ஏர்ப்ளே 2 இருக்கிறது.

இணைப்பது பத்து நிமிஷ வேலை. ஒரு முனையில் 3.5 மி.மீ. பின், மறு முனையில் சிவப்பு, வெள்ளை ஆர்சிஏ பின்கள் உள்ள வயர் ஒன்று வேண்டும். ரிச்சி தெருவில் தடிமனாக ஒன்று வாங்கினேன். பழைய ஆம்ப்ளிஃபயர் வைத்திருப்பவர்கள் ஒரு விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும். பின்பக்கம் காலியாக இருக்கிறதே என்று ஃபோனோ என்று எழுதிய துளையில் செருகிவிடாதீர்கள். அது இசைத்தட்டு ஊசியின் மிக மெல்லிய சிக்னலைப் பல மடங்கு பெருக்குவதற்காக உள்ளது. அதில் கொடுத்தால் ஒலி உடைந்து அலறும். ஆக்ஸ், டேப் ப்ளே, ட்யூனர், சிடி என்று எழுதியதில் எதில் வேண்டுமானாலும் மாட்டலாம். போனிலுள்ள வீம் ஆப்பில் வால்யூமை முழுதாக வைத்துவிட்டு, ஆம்ப்ளிஃபயரின் திருகிலேயே கூட்டிக் குறைத்துக்கொள்கிறேன். அந்தக் கனமான திருகைத் திருப்புவதே ஒரு சுகம்.

முதல் நாள் அதே ராமநாதன். பாட்டு தொடங்குமுன் ஸ்பீக்கரில் காதை வைத்துக் கேட்டேன். ரீங்காரம் இல்லை. தம்பூரா மீட்டி, அது தேய்ந்து, அடுத்த மீட்டல் வருவது வரை தனித்தனியாகக் கேட்டது. அப்பா நாற்காலியை ஸ்பீக்கருக்கு எதிரே இழுத்துப் போட்டுக்கொண்டார். அன்றைக்கு அவர் எழுந்து போகவில்லை.

எங்களிடம் இருந்த சிடிக்களை எல்லாம் பழைய லேப்டாப்பில், தரம் குறையாமல் சுருக்கும் ஃப்ளாக் கோப்புகளாக ஏற்றி, வீட்டு வைஃபைக்குள்ளேயே கோப்புகளைப் பகிரும் டிஎல்என்ஏ வழியாக இதற்குக் கொடுக்கிறேன். கச்சேரியில் ஒரே ஓட்டமாக நீளும் ராகம் தானம் பல்லவியை சிடிக்காரர்கள் ராகம் ஒரு ட்ராக், தானம் ஒரு ட்ராக் என்று வெட்டி வைத்திருப்பார்கள். முன்பு லேப்டாப்பிலிருந்து நேரடியாகக் கேட்டபோது, ராக ஆலாபனை முடிந்து தானத்துக்குள் நுழைகிற இடத்தில் ஒரு நொடி அறுந்துபோகும். இதில் இடைவெளி இல்லாமல் ஓடுகிறது. கர்நாடக சங்கீதம் கேட்கிறவர்களுக்கு இந்த ஒரு காரணமே போதும் என்பேன். ஒலி நுணுக்கத்தில் 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் வரை தாங்கும் என்று பெட்டியில் பெருமையாகப் போட்டிருக்கிறார்கள். சிடி 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ்தான். எங்கள் வீட்டுக்கு அதுவே தாராளம்.

குறை என்றால், லேன் வயர் செருக இடமில்லை. ரவுட்டர் இரண்டு சுவர் தள்ளி இருந்தால் யோசித்து வாங்குங்கள். ஆண்ட்ராய்டு போனின் ஆப்களிலிருந்து பாட்டை நேராக அனுப்பும் கூகுள் காஸ்ட் வசதியும் கிடையாது. இந்த இரண்டும் வேண்டும் என்றால் இதன் அண்ணன் வீம் ப்ரோவுக்குப் போக வேண்டும். திரையும் கிடையாது, என்ன பாடுகிறது என்று போனில்தான் பார்க்க வேண்டும்.

அப்பாவுக்கு 79 வயது, ஸ்மார்ட்போன் தொட மாட்டார். பெட்டியின் மேல் ஒரு ப்ரீசெட் பட்டன் இருக்கிறது. அதில் ஆகாசவாணியின் ராகம் வானொலியைப் பதிந்து வைத்தேன். 2016 முதல் 24 மணி நேரமும் சாஸ்திரிய சங்கீதம்தான். காலையில் நான் காபி கலக்கும்போது கூடத்தில் ஆம்ப்ளிஃபயரின் ஸ்விட்ச் டக்கென்று விழும். கொஞ்ச நேரத்தில் வீணை வரும், இல்லாவிட்டால் நாகஸ்வரம்.