திருவல்லிக்கேணி சந்து மெஸ்: ஏழு வருஷம் சாப்பிட்டவன் சொல்றேன்

ஒரு தடவை போய் சாப்பிட்டுட்டு அஞ்சு ஸ்டார் குடுக்கறவங்க மேல எனக்கு நம்பிக்கை கிடையாது. முதல் நாள் எந்த ஓட்டல் சாப்பாடும் நல்லாத்தான் இருக்கும், அதே சாம்பாரை இருபதாவது நாள் பார்க்கறப்போ எரிச்சல் வருதா இல்லையாங்கறதுதான் கேள்வி. நான் 2018 ஆகஸ்ட்ல இருந்து திருவல்லிக்கேணில ஒரே மெஸ்லதான் சாப்பிடறேன். பேர் சொல்லல, போர்டே கிடையாது. வாசல்ல ஒரு சிலேட்டு, அதுல சாக்பீஸ்ல "சாப்பாடு ரெடி", அவ்ளோதான்.

மேன்ஷன் ரூம்ல அடுப்பு வைக்க விடமாட்டாங்க, அதனால சென்னை வந்த புதுசுல மதியம் ஃப்ரைட் ரைஸ் ராத்திரி பரோட்டா சால்னான்னு ரெண்டு மாசம் ஓட்டி வயிறு புண்ணாகிப் படுத்துட்டேன். பக்கத்து ரூம் அண்ணன் வந்து பார்த்துட்டு "பின் சந்துல அக்கா வீட்டுக்குப் போடா, ரசம் சோறு கேளு"ன்னு அனுப்பினார். போனா நிஜமாவே வீடு. முன் ரூம்ல நாலு டேபிள், சுவத்துல சாமி படம், உள்ள இருந்து குக்கர் விசில் சத்தம். அன்னிக்கு ரசத்தை சோத்துல கூட ஊத்தல, எவர்சில்வர் டம்ளர்ல வாங்கி அப்படியே குடிச்சேன், கடைசி மடக்குல இடிச்ச மிளகும் கொத்தமல்லி காம்பும் வாய்ல மாட்டுச்சு. பொடி வாங்கிப் போட்டா அந்த திப்பி வராதுங்க.

எல்லாரும்தான் வீட்டுச் சுவைன்னு போர்டு வெக்கறாங்க, எனக்கு அதுக்கு அர்த்தம் புரிஞ்சது வேற ஒரு நாள். பர்ஸை விட்டுட்டு வந்துட்டேன்னு மூணு மணிக்கு திரும்ப ஓடினா, அக்கா, அவங்க வீட்டுக்காரர், பாத்திரம் தேய்க்கற அம்மா மூணு பேரும் தரையில உக்காந்து அதே குண்டான்ல இருந்து அதே கூட்டைப் போட்டு சாப்பிட்டுட்டு இருக்காங்க. தனக்குன்னு தனியா எதுவும் ஆக்கல. அதுக்கப்புறம் நான் வேற இடம் தேடவே இல்ல.

அமாவாசை வந்தா காலண்டர் பாக்க வேண்டாம், வெங்காயம் பூண்டு இல்லாம வாழைக்காய் பொரியல் வந்துடும். மாசக் கடைசில காய் விலை ஏறினா மூணு நாள் தொடர்ந்து உருளைக்கிழங்கு, அதுவும் தெரிஞ்சிடும். 2019 ஜூன்ல சென்னைக்குத் தண்ணி குடுக்கற ஏரி நாலும் வத்தி, ஜூலைல ஜோலார்பேட்டைல இருந்து ரயில்ல தண்ணி கொண்டு வந்தாங்களே, அப்போ தட்டு கழுவத் தண்ணி இல்லாம வாழை இலைக்கு மாறினாங்க, லாரி வராத நாள்ல சிலேட்டுல எழுத்தே இருக்காது. 2020 ஊரடங்குல மேன்ஷனே காலியாகிடுச்சு, போக முடியாம மாட்டிக்கிட்ட எங்க எட்டு பேருக்கும் டப்பாவுல கட்டிக் குடுத்து நோட்டுல கணக்கு எழுதி வெச்சாங்க, கேட்டு நச்சரிக்கல. நடுவுல டெலிவரி ஆப்ல சேர்ந்து பார்த்தாங்க, ரசம் பாக்கெட் வழிஞ்சு ஒரே புகார், உக்காந்திருக்கறவங்களுக்கு மோர் வர பத்து நிமிஷம். ரெண்டே மாசத்துல விட்டுட்டாங்க, நல்லதாப் போச்சு.

குறை இல்லாம இல்ல. ரெண்டு மணிக்கு மேல போனா பொரியல் இருக்காது, ஊறுகாயைக் காட்டுவாங்க. ஞாயித்துக்கிழமை லீவு, மேன்ஷன்காரனுக்கு அன்னிக்குத்தான் சோறு வேணும். நாம சாப்பிடறப்போ பின்னாடி ஒருத்தர் நாற்காலியைப் புடிச்சுக்கிட்டு நம்ம தட்டையே பார்ப்பார், அதுல அப்பளத்தை நிம்மதியாக் கடிக்க முடியாது. ரெண்டாவது அப்பளம் கேட்டா அக்கா காதுலயே விழாது! வத்தக்குழம்புல புளி சில நாள் எகிறும், அல்சர் இருக்கறவங்க தயிர் வாங்கிக்கங்க.

விலை நான் போனப்போ 60, இப்போ 100. பத்தொம்பது கிலோ சிலிண்டர் விலை மாசம் பொறந்தா மாறுது, அதனால நான் வாயைத் தொறக்கறதில்ல. சோறு அளவு குறையல, அது போதும். போறதா இருந்தா ஒன்றரைக்குள்ள போங்க, பார்சல்னா தூக்கு கொண்டு போங்க.

கல்யாணம் ஆகி மயிலாப்பூர் போயிட்டேன், இப்பவும் வாரம் ரெண்டு நாள் வண்டியை அந்தச் சந்துல திருப்பிடறேன். போன வாரம் பழைய பர்ஸ்ல ஒரு ரோஸ் கலர் டோக்கன் கெடைச்சது, 2019 சீல், அப்போ மாசத்துக்கு முப்பது மொத்தமா வாங்குவோம். சும்மா விளையாட்டுக்கு நீட்டினேன். அக்கா கண்ணாடியை ஏத்திவிட்டு ரெண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாங்க, டப்பாவுல போட்டாங்க, "மீதி நாப்பது குடு தம்பி"ன்னாங்க.